டியூலிப் ஏன் திரும்பி வரவில்லை? ஒரு பாத்தியின் ஆறு வசந்தங்கள்

2020 ஏப்ரலில் எங்கள் வீட்டுப் பின்பக்கப் பாத்தியில் 97 டியூலிப் பூத்தன. நட்டது 100. அடுத்த ஏப்ரலில் அதே பாத்தியில் பூத்தது 31. மற்ற இடங்களில் அகலமான ஒற்றை இலை ஒன்று மண்ணைப் பிளந்துகொண்டு வந்தது. நடுவில் தண்டும் இல்லை, மொட்டும் இல்லை. அந்த ஒற்றை இலைக்குக் காரணம் தேடித்தான் பாத்தியைத் தோண்டினேன், அளந்தேன், மாற்றி நட்டேன். அதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். குளிர் நாடுகளில் வீடு வாங்கி, முதல் இலையுதிர் காலத்தில் ஆசையாக ஒரு பை கிழங்கு வாங்கி நட்டு, இரண்டாம் ஆண்டில் ஏமாந்துபோன தமிழர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இது உதவும்.

மண்ணில் நடும் இந்த உருண்டைக்குத் தாவரவியல் பாடத்தில் குமிழம் என்று பெயர். எங்கள் வீட்டில் கிழங்கு என்றுதான் சொல்கிறோம். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

பாத்தி

லண்டனின் வடமேற்கில் ஹாரோ பக்கம் எங்கள் வீடு. கராஜின் தெற்குச் சுவரை ஒட்டிய பாத்தி, 4 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம். வெயிலுக்குக் குறைவில்லை. மண்தான் பிரச்சினை. இந்தப் பகுதி முழுக்க லண்டன் களிமண். ஜனவரியில் காலணியோடு பாதித் தோட்டமும் வீட்டுக்குள் வந்துவிடும். ஆகஸ்டில் அதே மண் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும்.

2019 நவம்பர் முதல் வாரத்தில் நட்டேன். டியூலிப் நான்கு வரிசை, வரிசைக்கு 25. ஒரே கலவைப் பையைத்தான் நான்கு வரிசைக்கும் பிரித்தேன். ஓரம் கிழிந்தாற்போல் இருக்கும் பாரட் வகை, அடுக்கு இதழ் வகை, உயரமான ஒற்றை வகை எல்லாம் அதில் இருந்தன. ஆழம் எல்லா வரிசைக்கும் ஒன்றுதான், ஏறக்குறைய 8 சென்டிமீட்டர். களிமண்ணில் அதற்கு மேல் தோண்ட அன்றைக்கு எனக்குத் தெம்பில்லை. பாத்தியின் ஓரத்தில் 40 டாஃபடில், மீதி 20 டாஃபடில் புல்தரையின் மூலையில் வேலிச் செடிக்கு அடியில். புல்லுக்குள் குரோக்கஸ் 100. நிழலான இடத்தில், கடையில் காய்ந்த நிலையில் வாங்கிய ஸ்னோட்ராப் கிழங்கு 25. இந்த மூன்றும் டியூலிப் போலவே கிழங்கிலிருந்து முளைத்துப் பூக்கும் செடிகள்.

முதல் வரிசை சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி இருந்தது. கராஜ் கூரையின் விளிம்பு நேராக அதற்கு மேலே வந்து முடியும். நடும்போது இதை நான் கவனிக்கவே இல்லை. பின்னால் எல்லா விடையும் அந்த விளிம்புக்கு அடியில்தான் கிடைத்தது.

முதல் வசந்தமும் அதற்குப் பிறகு செய்ததும்

2020 மார்ச் 23 அன்று இங்கே ஊரடங்கு அறிவித்தார்கள். அந்த வசந்தம், அதுவரை இந்த நாட்டில் பதிவானதிலேயே அதிக வெயில் அடித்த வசந்தம். வீட்டைவிட்டு வெளியே போக வழியில்லை. மூன்று வாரம் அந்தப் பாத்தியைப் பார்த்தே காலம் போனது. அவ்வளவு அழகு.

மே நடுவில் பூவெல்லாம் உதிர்ந்தது. இலைகள் நுனியில் மஞ்சளாகிச் சாய ஆரம்பித்தன. பார்க்க நன்றாக இல்லை என்று டியூலிப் இலைகளை நான்கு வரிசையிலும் ஒரே நாளில் தரையோடு வெட்டினேன். பாத்தி ஓரத்து டாஃபடில் இலைகளைச் சடை பின்னுவதுபோல மடக்கி முடிச்சுப் போட்டேன். அக்கம்பக்கத்தில் பலர் அப்படிச் செய்து பார்த்திருக்கிறேன், பார்க்கவும் ஒழுங்காக இருந்தது. புல்தரை மூலையில் இருந்த 20 டாஃபடிலை மட்டும் தொடவில்லை. உடைந்த ஒரு பெஞ்சை அந்த மூலையில் போட்டிருந்தோம், புல்வெட்டி அதைத் தாண்டிப் போகாது.

வெட்டிய பாத்தி காலியாகக் கிடக்கிறதே என்று கொத்தமல்லியும் வெந்தயமும் விதைத்தேன். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் தினம் சாயங்காலம் பூவாளியில் தண்ணீர். கீரை அருமையாக வந்தது.

31

2021 ஏப்ரலில் ஒற்றை இலைகளைப் பார்த்ததும் பனியைத்தான் குறை சொன்னேன். அந்த ஏப்ரலில் அறுபது ஆண்டுகளில் காணாத அளவுக்கு உறைபனி இரவுகள் வந்தன. ஆனால் பனி கருக்கிய மொட்டு என்றால் கருகின மொட்டாவது கண்ணில் பட வேண்டுமே? இலையைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே மொட்டு உருவான தடமே இல்லை. அப்படியென்றால் பூ தவறிப்போனது ஏப்ரலில் இல்லை, அதற்கு வெகு முன்னால்.

அப்புறம்தான் வரிசை வரிசையாக எண்ணினேன். சுவரோர வரிசையில் 25-க்கு 19 பூத்திருந்தன. மற்ற மூன்று வரிசையும் சேர்த்து 75-க்கு 12.

ஒரே பை, ஒரே ஆழம், ஒரே நாள் நடவு, ஒரே நாள் வெட்டு. வேறுபாடு எங்கே என்று இரண்டு நாள் யோசித்தேன். அந்த வாரம் வீடியோ அழைப்பில் அம்மாவுக்குப் பாத்தியைக் காட்டினேன். பெரம்பலூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் சின்ன வெங்காயம் போடுவார்கள். இலை சாய்ந்ததும் வெட்டியதையும், கீரை விதைத்துத் தண்ணீர் ஊற்றியதையும் சொன்னேன். அம்மா உடனே கேட்டார்: "ஏம்மா, விதை வெங்காயம் கெடக்குற மண்ணுல யாராச்சும் மூணு மாசம் தண்ணி ஊத்துவாங்களா?"

சுவரோர வரிசைக்கு என் பூவாளி எட்டாது. கூரை விளிம்பு மழையையும் மறைத்துவிடும். அந்த 25 கிழங்குகள் மட்டும் கோடை முழுக்கக் காய்ந்த மண்ணில் கிடந்திருக்கின்றன.

வெங்காயக்காரர்களுக்கு இது பால பாடம். தாள் பழுத்துச் சாயத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்துவார்கள். பிடுங்கி, உலர்த்தி, காற்று புகும்படி பட்டறை என்னும் சேமிப்புக் குவியல் போட்டு வைப்பார்கள். ஈரம் ஏறினால் அழுகல். பச்சைத் தாளை முன்கூட்டியே அறுத்தால் காய் பெருக்காது. டியூலிப்பும் வெங்காயமும் நெருங்கிய சொந்தம் இல்லை. ஆனாலும் இரண்டும் ஒரே மாதிரி வாழ்கின்றன. இலை சமைத்ததைச் செதில் செதிலாக உள்ளே அடுக்கி வைத்து, வறண்ட காலத்தைத் தூங்கிக் கடக்கின்றன. இது தெரிந்த வீட்டில் பிறந்தும், பூச்செடி என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

தோண்டிப் பார்த்தது

2021 ஜூனில், இலைகள் தானாகப் பழுக்கும்வரை விட்டு, முன் மூன்று வரிசைகளையும் தோண்டினேன். சுவரோரத்தைத் தொடவில்லை, அது எத்தனை ஆண்டு வருகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது.

75 பெரிய கிழங்கு நட்ட இடத்தில் 200-க்கும் மேற்பட்ட சிறு கிழங்குகள் கிடைத்தன. தையல் நாடாவால் சுற்றளவு பார்த்தேன். நட்டபோது ஒவ்வொன்றும் 12 சென்டிமீட்டர். இப்போது பெரும்பாலானவை நாலு, ஐந்துதான். சில இடத்தில் பழுப்புத் தோல் மட்டும் மிச்சம், உள்ளே சேறு. சில கிழங்குகளிலிருந்து வெள்ளைக் குழாய் போன்ற ஒன்று கீழ்நோக்கி இறங்கி, அதன் நுனியில் புதுக் கிழங்கு உட்கார்ந்திருந்தது. மேலாக நட்டுவிட்டால் டியூலிப் தன் வாரிசை இப்படித்தான் ஆழத்துக்கு அனுப்பும்.

டியூலிப்பைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்தால் போதும். நாம் நடும் கிழங்கு அடுத்த ஆண்டு உயிரோடு இருக்காது. பூவையும் இலையையும் தள்ளிவிட்டு அது கரைந்துபோகும். அதன் செதில்களுக்கு இடையில் இருக்கும் மொக்குகள், இலைகள் சமைத்துத் தரும் உணவை வாங்கிப் புதுக் கிழங்குகளாகத் திரளும். ஒன்றிரண்டு பெரிதாகத் திரண்டால் அடுத்த ஆண்டு பூ. எல்லாம் நாலைந்து பூண்டுப் பல்லாகப் பிரிந்துவிட்டால் பூ இல்லை. பெரும்பாலான வகைகளில் சுற்றளவு 6, 7 சென்டிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் அந்தக் கிழங்கு ஒற்றை இலை மட்டும் விடும். ஆக, திரும்பி வருகிறது என்று நாம் சொல்வது பழைய டியூலிப் இல்லை, அதன் மகள். மகளுக்கு ஊட்டம் போவது பூ வாடியதற்கும் இலை பழுப்பதற்கும் நடுவே உள்ள சில வாரங்களில் மட்டும். சரியாக அந்த வாரங்களில்தான் நான் இலையை வெட்டியிருந்தேன்.

அடுத்தது கோடை. டியூலிப் இலை காய்ந்த பிறகுதான், வெளியில் எதுவுமே நடக்காதது போலத் தெரியும் மாதங்களில்தான், கிழங்குக்குள் அடுத்த ஆண்டின் பூ உருவாகிறது. அதற்கு மிதமான வெப்பமும் உலர்ந்த சூழலும் வேண்டும். அதன் பிறகு தண்டு நீள நீண்ட குளிர் வேண்டும், 9 டிகிரிக்குக் கீழே 12 முதல் 16 வாரம். இந்த ஒழுங்கு அதன் சொந்த ஊரில் படிந்தது. டியன்ஷான் மலைச்சரிவுகளையும் மத்திய ஆசியப் புல்வெளிகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். பனி மூடிய குளிர்காலம், பனி உருகும் ஈரத்தில் குறுகிய வசந்தம், பிறகு சுட்டெரிக்கும் வறண்ட கோடை. லண்டனில் குளிர் கிடைக்கிறது, வசந்தம் கிடைக்கிறது. கிடைக்காதது அந்த வறண்ட கோடைதான். அதிலும் களிமண்ணும் கீரைப் பாத்தியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

நெதர்லாந்தில் இந்தக் கிழங்குகளை எப்படி வளர்க்கிறார்கள் என்று படித்தபோது இன்னும் தெளிவானது. அங்கே மணற்குன்றுகளுக்குப் பின்னால் இருக்கும் மணல் மண்ணில், நிலத்தடி நீர் மட்டத்தைக் கால்வாய்களால் கட்டுப்படுத்தி வளர்க்கிறார்கள். வயல் முழுக்கப் பூத்ததும், வகை சரிதானா, நோய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பூத் தலைகளை இயந்திரம் வைத்து வெட்டி எறிகிறார்கள். இலையையும் தண்டையும் விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது கிழங்கு, அதற்குப் பூ தடை. கோடைத் தொடக்கத்தில் கிழங்கை எடுத்து, காற்றோட்டமான கிடங்கில் வெப்பத்தை அளவாக வைத்து உலர்த்துகிறார்கள். படித்ததும் எனக்குப் பட்டறைதான் கண்ணில் வந்து நின்றது.

அங்கே 1950-ல் திறந்த கூக்கன்ஹாஃப் பூத்தோட்டத்தில் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஏறக்குறைய 70 லட்சம் கிழங்குகளைப் புதிதாக நடுகிறார்கள். நாம் படங்களில் பார்த்து ஏங்கும் அந்த வண்ணப் பட்டைகள் ஒரு பருவத்துக்கு மட்டுமானவை. தன் தோட்டத்தில் டியூலிப் திரும்பவில்லை என்று வருந்துபவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

டாஃபடில்களின் சாட்சி

இலையை வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு டியூலிப் வரிசைகளில் சாட்சி கிடைக்கவில்லை, எல்லாவற்றையும்தான் வெட்டிவிட்டேனே. டாஃபடில்கள் சொல்லின. முடிச்சுப் போட்ட 40-ல் 2021-ல் பூத்தவை 9. பெஞ்சுக்குப் பின்னால் மறந்துபோன 20-லும் பூ, அதில் சில கிழங்குகள் இரட்டைத் தண்டு விட்டு மொத்தம் 24.

டாஃபடிலின் கணக்கு வேறு. அதன் கிழங்கு ஆண்டுதோறும் அழிவதில்லை, உள்ளிருந்து புதுச் செதில் வைத்துப் பல ஆண்டு வாழும். அடுத்த ஆண்டின் மொட்டு இலை இன்னும் பச்சையாக இருக்கும்போதே, மே வாக்கில் உள்ளே உருவாகத் தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் இலையை மடக்கிக் கட்டினால் பாதி இலைக்கு வெயில் படாது, மடிந்த இடத்தில் சாறு ஓடாது. இங்குள்ள தோட்டக்காரர்கள் பூ வாடியதிலிருந்து குறைந்தது ஆறு வாரம் இலையைத் தொடாதே என்பார்கள். புல்லுக்குள் நட்டிருந்தால் அந்த இடத்தில் ஜூன் வரை புல்வெட்டி போகக் கூடாது. பார்வைக்கு அழுக்காகத்தான் இருக்கும். அந்த அழுக்கைப் பொறுத்துக்கொள்வதுதான் இந்தச் செடிகளுக்கு நாம் செய்கிற மிகப் பெரிய பராமரிப்பு என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். நான் பாத்தி ஓரத்தில் ஜெரேனியம் நட்டுவிட்டேன். அதன் புது இலை எழும்பி டாஃபடிலின் பழுத்த இலையை மறைத்துவிடுகிறது.

குரோக்கஸ், அணில்கள் விட்டுவைத்த இடத்திலெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் பெருகியது. ஸ்னோட்ராப் 25-ல் வந்தது 4. அதன் கிழங்கு மிகச் சிறியது, கடை அலமாரியில் வாரக்கணக்கில் காய்ந்தால் செத்துவிடும். பூத்து முடிந்த கையோடு, இலை பச்சையாக இருக்கும்போது கொத்தாகப் பெயர்த்து நடுவதுதான் அதற்குச் சரியான வழி. அடுத்த வீட்டுப் பாட்டி 2022 மார்ச்சில் மூன்று கொத்து பெயர்த்துக் கொடுத்தார். மூன்றும் பிடித்துக்கொண்டன.

மாற்றியது

2021 இலையுதிர் காலத்தில் பாத்தியின் முன்பகுதியைப் பழைய செங்கல் வைத்து 25 சென்டிமீட்டர் உயர்த்தினேன். களிமண்ணோடு கூரான சிறு ஜல்லியும் மட்கிய இலை எருவும் நிறையக் கலந்தேன். களிமண்ணில் வெறும் மெல்லிய மணலை மட்டும் கலந்தால் அது இன்னும் இறுகிவிடும். ஜல்லிதான் நீர் வடிய வழி விடுகிறது.

வகையையும் மாற்றினேன். எல்லா டியூலிப்பும் ஒன்றில்லை. பாரட், அடுக்கு இதழ் வகைகள் களிமண் தோட்டத்தில் திரும்புவது அரிது. அவற்றை இப்போது தொட்டியில் மட்டும் வைத்து ஓராண்டுப் பூவாகவே கருதுகிறேன். பாத்தியில் டார்வின் கலப்பினம் என்னும் பிரிவில் 'ஆபெல்டோர்ன்' 40, இதழில் பச்சைக் கோடு ஓடும் 'ஸ்பிரிங் கிரீன்' 20 நட்டேன். டார்வின் கலப்பினங்கள், பழைய தோட்ட டியூலிப்போடு மத்திய ஆசியாவின் பெரிய சிவப்புக் காட்டு டியூலிப்பைக் கலந்து நெதர்லாந்தில் உருவாக்கியவை. அவற்றின் கிழங்கு அதிகம் பிரியாமல் பெரிதாகவே திரள்கிறது. முன் ஓரத்தில் காட்டு வகைகள்: மஞ்சளும் வெள்ளையுமாகத் தரையோடு பூக்கும் 'டார்டா' 30, வெளிப்புறம் சிவப்பும் உட்புறம் வெள்ளையுமாக இருக்கும் 'குளூசியானா' 25. 1593-ல் லைடன் பல்கலைக்கழகத்துக்கு வந்து அங்கே தாவரத் தோட்டம் போட்ட கரோலஸ் குளூசியஸ் பெயரில் இருப்பது அது. அடுத்த வசந்தத்தில் அங்கே டியூலிப் பூத்தது என்பார்கள். நெதர்லாந்தின் டியூலிப் கதை அவரிடமிருந்துதான் பெரும்பாலும் சொல்லப்படுகிறது.

ஆழம், பெரிய வகைகளுக்கு 18 முதல் 20 சென்டிமீட்டர். கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு என்பது பொதுவான கணக்கு. திரும்பி வர வேண்டுமென்றால் அதற்கும் கொஞ்சம் கீழே போவது நல்லது. ஆழத்தில் கிழங்கு குறைவாகப் பிரிகிறது, அணிலும் அவ்வளவு தூரம் தோண்டாது. மேலாக நட்ட காட்டு வகைகளுக்குக் கோழி வலை விரித்து மண் மூடினேன். டாஃபடிலுக்கு வலை தேவையில்லை, அதை அணில் தொடாது. அதற்கான காரணம் மனிதருக்கும் எச்சரிக்கை. டாஃபடில் கிழங்கில் லைகோரின் என்னும் நச்சு இருக்கிறது. பார்க்க அசல் வெங்காயம். கிழங்குகளை வெங்காயச் சாக்கில் போட்டுத் தொங்கவிடும் வழக்கம் நம் வீடுகளில் சுலபமாக வந்துவிடும். நானும் அப்படித்தான் கொட்டகையில் உலர்த்துகிறேன். ஆனால் சாக்கில் சிவப்பு நாடா கட்டி, சமையலறைப் பக்கமே வரவிடுவதில்லை. 2015-ல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, டாஃபடிலைக் காய்கறிகளோடு அடுக்காதீர்கள் என்று பேரங்காடிகளுக்கே எழுதியது. டியூலிப் கிழங்கைக் கையாளும்போது கையுறை போடுங்கள், சிலருக்கு விரலில் அரிப்பும் வெடிப்பும் வரும்.

மீதி வேலைகள் சின்னச் சின்னவை. இதழ் உதிரத் தொடங்கியதும் விதைப்பையை மட்டும் கிள்ளிவிடுகிறேன், தண்டும் பச்சைதானே, அதுவும் உணவு சமைக்கும், அதை விட்டுவிடுகிறேன். காட்டு வகைகளில் விதையைக் கிள்ளுவதில்லை, அவை விதையாலும் பரவட்டும். இலை பச்சையாக உள்ள வாரங்களில், தக்காளிச் செடிக்குப் போடும் சாம்பல் சத்து (பொட்டாசியம்) அதிகமான திரவ உரம் இரண்டு மூன்று முறை. ஜூனுக்குப் பிறகு அந்தப் பாத்திக்குத் தண்ணீர் கிடையாது. வறட்சி தாங்கும் ஓமவல்லியின் உறவுச் செடிகளையும் தைம் என்னும் மூலிகையையும்தான் மேலே வைத்திருக்கிறேன். கீரை வேறு இடத்துக்குப் போய்விட்டது.

ஆண்டுதோறும் தோண்டி எடுத்து உலர்த்துவது நல்ல முறைதான், பலன் கண்டிப்பாக உண்டு. ஆனால் வேலைக்குப் போகிற ஒருவரால் ஜூனில் நூறு கிழங்கைத் தோண்டி, பிரித்து, நவம்பர் வரை காப்பது எல்லா ஆண்டும் நடக்காது. உயர்த்திய பாத்தி அந்த வேலையை எனக்குப் பதிலாகச் செய்கிறது.

எண்ணிக்கை

'ஆபெல்டோர்ன்' 2022-ல் 40-க்கு 40, 2023-ல் 38, 2024-ல் 33, 2025-ல் 35. 'ஸ்பிரிங் கிரீன்' 20-ல் தொடங்கி 17-ல் நிற்கிறது. 'டார்டா'வை எண்ணுவதை நிறுத்திவிட்டேன், செங்கல் இடுக்கிலெல்லாம் வருகிறது. 2024 பிப்ரவரி இங்கிலாந்தில் பதிவானதிலேயே வெப்பமான பிப்ரவரி, கூடவே ஓயாத மழை. அந்த ஆண்டில் 'ஆபெல்டோர்ன்' ஐந்து குறைந்ததை நான் தோல்வியாக நினைக்கவில்லை. பழைய தரைமட்டக் களிமண்ணில் சோதனைக்கு விட்டிருந்த ஏழு கிழங்குகளும் அந்தக் குளிர்காலத்தில் அழுகிப்போயின.

டாஃபடில்களை 2021 கோடையிலேயே எடுத்து, நெருக்கிக் கிடந்தவற்றைப் பிரித்து, 15 சென்டிமீட்டர் ஆழத்தில் நட்டேன். 2023 முதல் நூறு பூவுக்குக் குறையவில்லை.

நோய் இரண்டு

2023-ல் சுவரோர வரிசையில், நான்காம் வசந்தமாக வந்துகொண்டிருந்த கிழங்குகளில், இலை முறுக்கிக்கொண்டு தீய்ந்ததுபோல் வெளிவந்தது. இதழில் ஊசி முனை அளவு புள்ளிகள். இதை இங்கே டியூலிப் தீ என்கிறார்கள், போட்ரைட்டிஸ் டியூலிபே என்னும் பூஞ்சை. அதன் கருப்புத் துகள்கள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கண்டவற்றை மண்ணோடு அள்ளிக் குப்பையில் போட்டேன், உரக்குழியில் போடவில்லை. அந்த இடத்தில் மூன்று ஆண்டு டியூலிப் நடக் கூடாது. மனசு கேட்கவில்லைதான், எனக்கு வழி காட்டிய வரிசை அது. டியூலிப்பை நவம்பரில் நடச் சொல்வதற்கும் இந்தப் பூஞ்சைதான் ஒரு காரணம், மண் குளிர்ந்த பிறகு நட்டால் தொற்று குறையும். டாஃபடிலுக்கோ செப்டம்பரே நல்லது, அது சீக்கிரம் வேர் விடும்.

டாஃபடிலில் ஒரு கிழங்கு அமுக்கினால் மெத்தென்று இருந்தது. அறுத்தேன், உள்ளே கொழுத்த ஒரே ஒரு புழு. நார்சிசஸ் ஈயின் புழு அது. பார்க்கக் குட்டித் தேனீ போல இருக்கும் அந்த ஈ, மே, ஜூனில் இலை சாயும்போது கழுத்தருகே முட்டையிடும். இலை காய்ந்து விட்டுப்போன ஓட்டையைக் காலால் மண் தள்ளி மூடிவிட்டால் போதும், பெரும்பாலும் தப்பிக்கலாம்.

இதைவிடக் கொடியது நூற்புழு. நூறு ஆண்டுகளுக்கு முன் அது பிரிட்டனின் டாஃபடில் வயல்களையே காலி செய்யப் பார்த்தது. கிழங்கை அறுத்தால் பழுப்பு வளையங்கள் தெரியும். அரச தோட்டக்கலைச் சங்கத்தின் விஸ்லி தோட்டத்தில் ஜே. கே. ராம்ஸ்பாட்டம் என்ற இளைஞர் 1916-ல் இதை ஆராயத் தொடங்கினார். தூங்கும் கிழங்கை ஏறக்குறைய 43 டிகிரி வெந்நீரில் மூன்று மணி நேரம் வைத்தால் புழு சாகும், கிழங்கு பிழைக்கும் என்று காட்டினார். வெந்நீர் முறை இன்றும் வணிகப் பண்ணைகளில் இருக்கிறது. விஸ்லியில் மார்ச் மாதத்து டாஃபடில் சரிவில் நின்றபோது, இந்த மனிதரை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் முடியுமா?

ஊரிலிருந்து அடிக்கடி கேட்கிறார்கள். கிழங்கை 12 வாரத்துக்கு மேல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, பிறகு குளிர்ந்த மலை ஊரில் தொட்டியில் நட்டால் ஒரு முறை பூ பார்க்கலாம். பெட்டியில் ஆப்பிள், வாழைப்பழம் இருக்கக் கூடாது, பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கொன்றுவிடும். அடுத்த ஆண்டு அதே கிழங்கை எதிர்பார்க்க வேண்டாம். இந்தியாவில் இது இயல்பாகப் பொருந்துவது காஷ்மீரில்தான். ஸ்ரீநகரில் சபர்வன் மலையடிவாரத்தில் 2007-ல் உருவான டியூலிப் தோட்டம் அப்படி வந்தது. சமவெளியில் இருப்பவர்களுக்கு நிலச்சம்பங்கியும் செங்காந்தளும் இருக்கின்றன. இரண்டும் மண்ணுக்கடியில் சேமித்து வைத்துப் பூப்பவைதான், இரண்டுமே நம் கோடைக்கும் மழைக்கும் பழகியவை.

நாற்றங்கால் வரிசை

2021-ல் தோண்டிய 200 சொச்சத்தில், ஓரளவு தேறிய 120 சிறு கிழங்குகளைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. கொட்டகைக்குப் பின்னால், ஜல்லி கலந்த ஒரு நீளக் குழியில் நவம்பரில் நட்டேன். 2022-ல் எல்லாம் ஒற்றை இலை. 2023-லும் ஒற்றை இலை, ஆனால் உள்ளங்கை அகலம். உரம் ஊற்றினேன், ஜூலையில் மேலே ஒரு பழைய கண்ணாடிச் சட்டத்தைச் சாய்த்து மழையை மறைத்தேன். 2024 ஏப்ரலில் 14 இடத்தில் இரண்டாவது இலை வந்தது, அதன் நடுவில் மொட்டு. 2025-ல் 38. அம்மா அந்த ஏப்ரலில் இங்கே வந்திருந்தார். பெரிய பாத்தியைவிட இந்த வரிசையின் முன்னால்தான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தார். ஒற்றை இலை ஒன்றைத் தொட்டு, "இது அடுத்த வருசம் வரும்"னு சொன்னார். அந்த இடத்தில் ஒரு குச்சி நட்டு வைத்திருக்கிறேன்.